ஹீட்டர் பிளக் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

கல்லடியில் தனுஷியாவின் வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவளும் அப்பாவும். அம்மாவைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்கு ஐந்து வயது. இப்போது பத்து.

அப்பா வினாயகமூர்த்தி பழைய டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். காலையில் போனால் பின்னேரம்தான் திரும்புவார்.

"சாப்பிட்டியா மகள்?" என்று கேட்பார்.

"ஓம் அப்பா."

அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். தெருவிலும் விளையாட ஆளில்லை. எதிரே இருந்த வீடுகளும் அதே சுனாமியில் போனவைதான். மணலில் அத்திவாரங்கள் மட்டும் கிடந்தன. மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் நிற்கும். தனுஷியா ஜன்னலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போர் முடிந்த அந்த வருடத்தின் கடைசியில் கிருஷாந்தினி வந்தாள். அவள் அப்பாவின் தங்கச்சியின் மகள், தனுஷியாவுக்கு மச்சாள். வன்னியில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் போரில் இறந்துவிட்டார்கள். முகாமில் இருந்தவளை அப்பாதான் போய்க் கூட்டிவந்தார்.

தனுஷியா தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்து வைத்தாள். இனி இரவில் கதைத்துக்கொண்டு படுக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் கிருஷாந்தினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். வாயைத் திறக்கமாட்டாள்.

வீட்டில் இப்போது மூன்று பேர். சத்தம் மட்டும் கூடவில்லை.

சத்தம் போட்டது கார்தான். மழைக்காலக் காலைகளில் அது இலேசில் ஸ்டார்ட் வராது. அப்பா காரின் திறப்பைத் திருப்பத் திருப்ப, 'கர்ர் கர்ர்' என்று இழுக்கும். பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு 'டக் டக் டக்டக்' என்று அடிக்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த நேரம் பார்த்து கிருஷாந்தினி எங்கோ போய்விடுவாள். தன்னைப் பிடிக்காமல்தான் போகிறாளோ என்று தனுஷியா நினைத்தாள்.

ஒரு நாள் சீப்பைத் தேடி அறைக்குள் போனாள். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் கிருஷாந்தினி முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். இரண்டு காதுகளையும் விரலால் அடைத்திருந்தாள். கார் தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் விரலை எடுத்தாள்.

தனுஷியா சீப்பை எடுக்காமலே வெளியே வந்தாள்.

அன்று பின்னேரம் அப்பா தேநீர் குடிக்கும்போது கேட்டாள். "நம்மட கார் ஏன் இவ்வளவு சத்தம் போடுது?"

"ஹீட்டர் பிளக் பழுதாப் போயிட்டு மகள். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை அதுதான் உள்ளுக்குச் சூடாக்குறது."

"மாத்த ஏலாதா?"

"ஏலும். வெயில் காலம் வந்தா ஸ்டார்ட் லேசா வரும். பிறகு பாப்பம்."

"வெயில் காலம் வரைக்கும் கிருஷாந்தினி அலுமாரிக்குப் பின்னாலயா இரிக்கிற?"

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு காலையும் அவர் காருக்குள் அல்லவா இருந்தார்.

சனிக்கிழமை அவர் பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போய் நான்கு புதிய பிளக்குகளை வாங்கி வந்தார். ஞாயிறு காலை மழை இல்லை. அப்பா பொனட்டைத் திறந்து, முதலில் பெற்றரியின் வயரைக் கழற்றினார். பிளக்குகளை இணைக்கும் தகட்டின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசி நட்டு குழாய்களுக்குப் பின்னால் இருந்தது. அப்பாவின் கை அங்கே நுழையவில்லை. தனுஷியாவின் கை நுழைந்தது.

"வந்திட்டு அப்பா."

மூன்று பிளக்குகள் சுலபமாக வெளியே வந்தன. நான்காவது இறுகிக் கிடந்தது. அப்பா ஒருமுறை திருகிப் பார்த்து நிறுத்தினார்.

"பலம் குடுத்தா உள்ளுக்கு முறிஞ்சிடும். எண்ணெய் விட்டிட்டுப் பொறுத்துத்தான் பாக்கணும்."

எண்ணெய் ஊறும்வரை இருவரும் வாசற்படியில் இருந்தார்கள்.

"அந்தப் புள்ளையோட என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியல்ல மகள்," என்றார் அப்பா.

"எனக்கும் தெரியல்ல."

"உன்னோட என்ன கதைக்கிறதெண்டும் தெரியல்லத்தான்."

தனுஷியா கொஞ்சம் நகர்ந்து அவர் பக்கத்தில் ஒட்டி இருந்தாள். எண்ணெய் ஊறி முடிந்த பிறகும் அவர்கள் சற்று நேரம் எழும்பவில்லை.

நான்காவது பிளக்கும் மெல்ல மெல்லக் கழன்றது. புதியவற்றைப் பூட்டி, வயர்களைத் திரும்ப இணைத்த பிறகு, அப்பா திறப்பைக் கையில் எடுத்தார்.

"பொறுங்க, கிருஷாந்தினி சொல்லட்டும்," என்றாள் தனுஷியா.

அவள் உள்ளே ஓடினாள். பொனட் திறந்த சத்தத்திலேயே கிருஷாந்தினி அலுமாரிக்குப் பின்னால் போயிருந்தாள். தனுஷியா தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா காரைத் திருத்திட்டார். ஆனா நீ சொன்னாத்தான் ஸ்டார்ட் பண்ணுவார். நீ சொல்லாட்டி இண்டைக்குக் கார் ஓடாது."

தனுஷியா அங்கேயே இருந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு கிருஷாந்தினி ஒரு கையை நீட்டினாள்.

இருவரும் கார் ஜன்னலருகே வந்து நின்றார்கள். அப்பா திறப்பைப் பாதி திருப்பினார். சின்ன மஞ்சள் வெளிச்சம் ஒன்று எரிந்தது.

"இது அணைஞ்சா எஞ்சின் சூடாகிட்டெண்டு அர்த்தம்," என்றார் அப்பா.

வெளிச்சம் அணைந்தது. கிருஷாந்தினி பேசவில்லை. அப்பா திறப்பைப் பின்னுக்குத் திருப்பி, மறுபடி போட்டார். மறுபடி எரிந்து அணைந்தது. அவர் அவசரப்படவில்லை. மூன்றாம் முறையும் அணைந்தது.

"இப்ப," என்றாள் கிருஷாந்தினி.

கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் வந்தது. இழுக்கவில்லை, அடிக்கவில்லை. காதருகே போன கிருஷாந்தினியின் கைகள் பாதியில் நின்றன. பிறகு மெல்லக் கீழே வந்தன.

"நிப்பாட்டுங்க மாமா," என்றாள்.

அப்பா பயந்துபோய் உடனே நிறுத்தினார்.

"இன்னொருக்கா நான் சொல்லுறன்."

அவள் சொன்னாள். கார் ஸ்டார்ட் வந்தது. நிறுத்தச் சொன்னாள். நின்றது. பிறகு, "இப்ப நீ சொல்லு மச்சாள்," என்று தனுஷியாவுக்கும் ஒரு முறை கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு அன்னப்பூரணி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கார் இன்னும் சரிவரல்லியா?"

"சரிவந்திட்டுது அக்கா," என்று சொல்லி, அப்பா திறப்பில் கை வைத்தபடி அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்.