எண்பது டிகிரி

பல்லு கிட்டிப்போற குளிருல உக்காந்திருந்தான் சாய்பிரசாத். அந்த நேரத்துலதான் ரூம்ல சூடு நாப்பத்தொண்ணுன்னு அவன் செல்லுக்கு எஸ்.எம்.எஸ் வந்துச்சு.

சுவத்துல தொங்குற தெர்மாமீட்டரை எட்டிப் பாத்தான். பதினெட்டு காட்டுச்சு.

வெளியே கப்பலூர் சித்திரை வெயில்ல காயுது, மணி மத்தியானம் மூணு. உள்ளேயோ ஜன்னலே இல்லாத சர்வர் ரூம். மில்லோட மொத்த ஃபைலையும் வச்சிருக்குற டிஸ்குகளை ஒண்ணாக் கோக்குற ஸ்டோரேஜ் ஸ்விட்சு ரெண்டு, ரேக்குல பச்சை பச்சையா சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைச் சுத்தி இருக்குற காத்து எம்புட்டு சூடு வரைக்கும் போகலாம்னு ஒரு லிமிட் வைப்பாங்க. தாண்டினா செல்லுக்கு மெசேஜ் வரும். அந்த லிமிட்டை வைக்கிறதுதான் இவன் வேலை.

அதுல இவன் பண்ணுன காரியம் இருக்கே, பாவி! நாப்பதுல வச்சா அடிக்கடி மெசேஜ் வந்து நச்சரிக்குதுன்னு, போன மாசம் ஏத்தி எண்பதுல வச்சான். மறுநாளே ஏசி ரிப்பேருக்கு காளைன்னு ஒரு மெக்கானிக் வந்தான். தன் கார்டைத் தேய்ச்சு அவனை உள்ளே விட்டுட்டு, இவன் புரோட்டா திங்கப் போயிட்டான். ஏசி நின்னுச்சு, கேஸ் கசிஞ்சுச்சு, சூடு ஏறிக்கிட்டே போச்சு. கார்டு இல்லாம உள்ளே இருந்தும் கதவைத் திறக்க முடியாது. காளை தட்டித் தட்டி அங்கேயே விழுந்து செத்தான். இவன் பாக்கெட்ல செல்லு சத்தமே போடலை.

"லிமிட்டு நாப்பதுதான் சார் இருந்துச்சு, மெசேஜ்தான் வரலை." விசாரணையில அப்படித்தான் சொன்னான். நாலு மணிக்கு இன்சூரன்ஸ் ஆபீசர் வந்து ஸ்விட்சுல லிமிட் எம்புட்டு வச்சிருக்குன்னு பாக்கப் போறாரு. எண்பது கண்ணுல பட்டா நேரா ஜெயிலுதான். ரூமுக்குப் போலீஸ் வச்ச சீலை இன்னைக்குத்தான் எடுத்தாங்க, அதான் ஆளுக்கு முந்தி ஓடிவந்து நாப்பதுக்கு மாத்துனான். மாத்துன கையோட இந்த மெசேஜ்.

கதவுக்கு வெளியே இருந்து வாட்ச்மேன் பேயாண்டி சத்தம் கொடுத்தாரு. "சார், ஆபீசர் திருப்பரங்குன்றம் தாண்டிட்டாராம். வெரசா முடிங்க."

"ஆச்சுண்ணே, வாரேன்."

செல்லு மறுபடி நடுங்குச்சு. நாப்பத்தாறு. சென்சாரு கெட்டுப்போச்சு போலன்னு சொல்லிக்கிட்டு, ஆபீசர் முன்னால இது கத்தக்கூடாதேன்னு லிமிட்டை அம்பதாக்குனான். அம்பத்தொண்ணுன்னு வந்துச்சு. அறுபதாக்குனான். அறுபத்தொண்ணு. இவன் எம்புட்டு ஏத்துனாலும் ஒரு டிகிரி கூட வச்சே வந்துச்சு, வேணும்னே வம்பு இழுக்குற மாதிரி. ரேக்குக்குப் பின்னால இருந்து கேஸ் வாடை லேசா வந்து தொண்டையைக் கமறுச்சு. கை தானா கீபோர்டுக்குப் போயி, பழகுன கை பாருங்க, எண்பதுன்னு அடிச்சு சேவ் பண்ணிருச்சு.

செல்லு அடங்குச்சு.

அப்பாடான்னு நிமிந்தான். ஏசியோட இரைச்சலும் நின்னிருந்துச்சு.

நெத்தியில இருந்து ஒரு சொட்டு வேர்வை வழிஞ்சு மூக்கு நுனியில நின்னுச்சு. தெர்மாமீட்டர் இப்ப நாப்பத்தொண்ணு காட்டுச்சு. எந்திரிச்சு ஓடிப்போய்க் கார்டைத் தேய்ச்சான். சிவப்பு விளக்கு. திருப்பித் தேய்ச்சான். சிவப்பு. ரெண்டு கையாலயும் கதவை அறைஞ்சான்.

"பேயாண்டிண்ணே! கதவு திறக்கலைண்ணே!"

வெளியே பேயாண்டி யார்கிட்டயோ பேசுறது நல்லாவே கேட்டுச்சு. "உள்ளதான் சார் இருக்காரு. ஏதாச்சும் கோளாறுன்னா அவரு செல்லுக்கு மெசேஜ் வந்துரும் சார். நீங்க வாங்க, முதல்ல ஒரு டீ சாப்பிடலாம்."

காலடிச் சத்தம் தேய்ஞ்சு போச்சு. செல்லுல இப்ப டவரும் இல்லை.

தெர்மாமீட்டர்ல அம்பது. மூச்சு முட்டுது. லிமிட்டைக் குறைக்கணும். குறைச்சா ஸ்விட்சே மில் மானேஜர் செல்லுக்கும் மெசேஜ் அனுப்பும், யாராச்சும் ஓடி வருவாங்க. எண்பது வெளிய தெரியட்டும். ஜெயிலுன்னா ஜெயிலு. உசுரு இருந்தாப் போதும்.

தவழ்ந்து வந்தான். கீபோர்டைத் தொட்டான். நாலு அடிக்கணும். அப்புறம் சைபர். அம்புட்டுதான்.

விரல் அமுங்கலை.

அவன் கை மேல இன்னொரு கை இருந்துச்சு.

வெந்த கை. தோலு வழண்டு, கதவைத் தட்டித் தட்டி நகமெல்லாம் பேந்த கை. அமுக்கலை, இறுக்கலை. சும்மா வச்சிருந்துச்சு. காதுக்குப் பக்கத்துல கேஸ் வாடையோட ஒரு மூச்சு.

"இருக்கட்டும் சார்," ரொம்பப் பணிவா சொன்னான் காளை. "இன்னும் முப்பது டிகிரி இருக்குல்ல."