நடுவில் இருந்த படங்கள்

அக்கா நடந்து வரும் சத்தத்தில் ஏதோ ஒன்று குறைந்தது.

சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பிகளுக்குள் சாம்பலாக மங்கிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரின் மின்விசிறி சூடேறிய தூசி வாசனையை மெல்ல அறைக்குள் ஊதிக்கொண்டிருக்க, சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகி அடங்க, அவன் விரல்களை மவுஸின் மேல் வைத்தபடி காது கொடுத்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவின் நடைக்கு மூன்று சத்தங்கள். முதலில் கைத்தடி, டொக். பிறகு நல்ல கால், பத். கடைசியில் வராத காலை இழுக்கும்போது செருப்பு தரையைத் தேய்க்கும் சர்ர். இன்று டொக், பத். டொக், பத். அவ்வளவுதான்.

அவன் சட்டென்று திரையில் இருந்ததை மூடினான். ஒரு வாரமாக அவள் வரும்போதெல்லாம் அவன் கை தானாகவே செய்யும் வேலை அது.

"டேய், பிஸ்கட்." அக்குளில் இடுக்கி வந்த பாக்கெட்டை அக்கா மேஜையில் நழுவவிட்டாள். "கால் இன்னைக்கு என்னமோ லேசா இருக்குடா. இழுக்கவே இல்ல. இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு சொன்னாளே அந்த பிசியோதெரபி பொண்ணு, அவ மூக்கு உடைபடப் போகுது."

"நல்லதுதானே."

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"வேலை இருக்குக்கா."

அவள் திரும்பி நடந்தாள். அப்போதுதான் பார்த்தான். நல்ல கால் முன்னே போனது. அடுத்த கணம் அவள் கதவுக்கு அப்பால் இருந்தாள். நடுவில் எதுவும் இல்லை. ஸ்வெட்டரின் ஓரம்கூட அசையவில்லை.

அவன் மூடியதை மறுபடி திறந்தான்.

சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கிச் செய்த கட்டைவிரல் அளவு உருவம் ஒன்று திரையில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து வீடியோ கேம் போலவே புதிதாக ஒன்று செய்து தருவதுதான் அவன் ஆபீஸின் வேலை. ஒவ்வொரு அசைவையும் தனிப் படமாக வரைந்து, வரிசையாக ஓட விட்டால் பொம்மை நடக்கும். இந்தப் பொம்மைக்குச் சாம்பல் நிற ஸ்வெட்டர். கையில் தடி. ஒரு காலை இழுத்துக்கொண்டே வரும் எதிரி. ஆட்டக்காரன் அதை அடித்து வீழ்த்த வேண்டும்.

டீம் லீடர் அதை முதலில் பார்த்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கடா பிடிச்ச இந்த நடையை? இதுக்கு இழுவைன்னு பேர் வெச்சுடுவோம்." ஆபீஸே சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் சிரித்தவன் அவன். சும்மா கற்பனைதான் என்றும் சொன்னான்.

இன்று காலை அவர் இன்னொன்று கேட்டிருந்தார். "நடுவுல இருக்கற படங்களை எடுத்துடு. வெடுக்வெடுக்குன்னு வரட்டும், இன்னும் காமெடியா இருக்கும்." கால் இழுபடும் இரண்டு படங்களை அவன் அழித்து அனுப்பினான்.

இப்போது அந்த இரண்டையும் அவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். ஓட விட்டான்.

வெளியே நடைவழியில், சர்ர்.

"அடச்சே," அக்காவின் குரல். "மறுபடியும் பிடிச்சுக்கிச்சே."

அவன் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நடை மட்டும் என்றால் பரவாயில்லை. அவன் அனுப்பியதில் நடை மட்டும் இல்லை.

அந்த நடையை வரைய, போன வாரம் அக்காவுக்குத் தெரியாமல்தான் போனில் படம் பிடித்தான். அவன் பள்ளிக்கூடம் போகத் தன் படிப்பை விட்டவள், சாம்பல் ஸ்வெட்டரும் தடியுமாகக் குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தான். வாசலில் தடி வழுக்கியது. அவள் சாய்ந்தாள். ஓடியிருக்கலாம். போன் ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த விழுதல் அவ்வளவு அசலாக இருந்தது. அவள் தரையில் முழுதாகக் கிடந்த பிறகுதான் போனைப் பைக்குள் போட்டான்.

"நல்லவேளை நீ பக்கத்துல இருந்தடா," என்று அவன் தோளைப் பிடித்து எழுந்தபடி அவள் சொன்னாள்.

அதிலிருந்து ஐந்து படங்கள் வரைந்தான். அடிபட்டால் இழுவை அப்படித்தான் விழும்.

டீம் லீடருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இழுவையை எடுத்துடலாம்."

"எதை எடுக்கறது? நீ அனுப்புனதைச் சேர்த்து இப்பதான் வெளியில விட்டோம். ஜனங்க விளையாட ஆரம்பிச்சாச்சு." பின்னால் சிரிப்புச் சத்தம். யாரோ பட்டனைத் தட்டும் ஒலி.

நடைவழியில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

"அக்கா?"

மறுபடி தொப்.

"அண்ணே, நிறுத்துங்க."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

அது எங்க அக்கா. மூன்றே வார்த்தை. எப்படிச் சொல்வான்? இத்தனை பேர் சிரித்த பிறகு, அவனும் சிரித்த பிறகு.

தொப்.

"சரியா வரல," என்றான்.

"உனக்கு என்னைக்குடா திருப்தி வந்திருக்கு? அந்த விழறது இருக்கே, அதுக்காகவே திரும்பத் திரும்ப அடிக்கறாங்க."

தொப். தொப்.

"அது எங்க அக்காண்ணே."

"என்னது? இங்க ஒரே கூச்சல், ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு."

இரண்டாவது முறை சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்தான். கதவைத் தாண்டினான்.

நடைவழியில் விளக்கு போட்டிருக்கவில்லை. அக்கா நின்றுகொண்டிருந்தாள். தடி வழுக்கியது. சாய்ந்தாள். விழுந்தாள். நின்றுகொண்டிருந்தாள். அவள் எழுந்திருப்பதை அவன் வரைந்திருக்கவில்லை.

ஓடிப்போய்ப் பிடித்தான். ஸ்வெட்டரின் கம்பளி கையில் பட்டது. சூடு பட்டது. கை காலியானது. ஒரு எட்டு தள்ளி, முதலில் நின்ற அதே இடத்தில், நேராக நின்றாள்.

விழுந்தாள்.

நின்றாள்.

விழுந்தாள்.

வேகம் கூடியது. எங்கெங்கோ, யார் யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே உறுமலாகின. நிற்பவளும் விழுபவளும் கிடப்பவளும் ஒரே நேரத்தில் தெரிந்தார்கள்.

அத்தனை முகங்களும் அவன் பக்கம் திரும்பியிருந்தன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருப்புச் சதுரங்கள். அவ்வளவு சின்ன முகத்துக்கு எதற்கு என்று அவன் வாய் வரையாமல் விட்டிருந்தான். மூக்குக்குக் கீழே வழவழவென்றிருந்த தோல், உள்ளிருந்து யாரோ அவனைக் கூப்பிடுவது போல, உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.