எஸ்டேட் நெஞ்சு

ஈப்போவில் ஒருவர் இருமினால் போதும், அவர் எந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தார், எந்த லயத்து வீட்டில் வளர்ந்தார், காலையில் என்ன சட்னி தொட்டுக்கொண்டார் என்பது வரை கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்லிவிடுவாராம் ரோய்ஸ்டன். முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். பேராக் மாநிலத்தில் தான் பார்க்காத நெஞ்சு இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்பார். வரவேற்பு மேசையில் இருக்கும் பமேலா மட்டும் விடமாட்டாள். "அளக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும் லா, அண்ணே."

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோய்ஸ்டன் எதையும் அளக்கவில்லை. மற்றவர்கள் தொழுகைக்குப் போய்விட, கிளினிக்கில் அவரும் பமேலாவும்தான். சுண்ணாம்புக் குன்றுகளையே கரைத்துப் புந்தோங் சாக்கடையில் ஊற்றிவிடுவதைப்போல வெளியே மழை. திரையில் ஒரு முழங்கால் படம். அதன்மேல் பட்டாணி அளவில் ஒரு சிவப்பு வளையம்.

வளையம் போடுவது ஏஐயின் வேலை. நெஞ்சுப் படங்களை மட்டும் படித்து, புற்றுநோய் என்று சந்தேகப்படும் இடத்தைச் சுற்றிக் காட்டும். முழங்காலைப் பற்றி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. ரோய்ஸ்டன் வளையத்தை நீக்கினார். அடுத்து ஒரு தையல்காரம்மாவின் மணிக்கட்டு. அதிலும் வளையம், அதே இடத்தில். நெஞ்சுப் படமாக இருந்தால் அது வலது நுரையீரலின் உச்சி.

அந்த இடத்தை அவருக்குத் தெரியும்.

பத்து மாதத்துக்கு முன்னால், இதே போன்ற ஒரு வெள்ளிக்கிழமை, கதவுக்கு வெளியே ஓர் இருமல் கேட்டது. "ஆயர் தாவார் தோட்டம். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட ஆளு," என்றார் ரோய்ஸ்டன். உள்ளே வந்த கருப்பம்மாள் அப்படியே ஒப்புக்கொண்டார். பமேலாவே கைதட்டிவிட்டாள். எடுத்த படத்தில் ஏஐ வளையம் போட்டது. தோட்டத்து ஆட்களின் பழைய காசநோய்த் தழும்பையும் புகைத் தழும்பையும் கண்டு அது அடிக்கடி மிரளும். அதற்கு 'எஸ்டேட் நெஞ்சு' என்று பெயர் வைத்துச் சிரித்தவர், தோட்டத்திலேயே பிறந்த ரோய்ஸ்டன்தான். அப்படிப்பட்ட வளையங்களை டாக்டருக்கு அனுப்பாமல் கழித்துவிட அவருக்கு அனுமதியும் இருந்தது. கைதட்டல் இன்னும் காதில் இனிக்க, படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் 'பழைய தழும்பு' என்று தட்டி நீக்கிவிட்டார்.

போன மாதம் கருப்பம்மாளின் மகன் தர்மா வந்தான். நுரையீரல் புற்றில் போன அம்மாவை எரித்துப் பதினாறு நாள்.

"அண்ணே, அப்பவே மெஷின் ஒண்ணும் காட்டலையா?"

"ஒண்ணும் காட்டல, தம்பி."

அவன் போனபிறகுதான் படத்தைத் திறந்தார். ரப்பர் பால் வாளி சுமந்து விழுந்ததில் முறிந்து, கோணலாகக் கூடியிருந்த இடது காறை எலும்பு. வலது உச்சியில் வெள்ளையாக ஒரு கட்டி. தழும்பே இல்லை.

இப்போது குளிரூட்டியிலிருந்து ஒரு வாசனை இறங்கியது. ஈர விறகும் ரப்பரும் சேர்ந்து கருகும் புகை. சின்ன வயதில் அப்பாவின் சட்டையில் இருந்த அதே புகை.

"பமேலா!"

வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தரையைப் பார்த்தபடியே சொன்னார். "மெஷின் காட்டுச்சும்மா. நான்தான் பாக்கல. அந்த மகன்கிட்ட பொய் சொன்னேன்."

பமேலா சிரித்தாள். "போங்கண்ணே, இதுலயுமா அளக்கணும்? மெஷின் ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். ஆளுங்க சாயற அந்தப் பலகைய காலியாவே ஒரு படம் எடுங்க. ஆளே இல்லாம எந்த நெஞ்சு வருதுன்னு பாப்போம்."

எக்ஸ்ரே அறையில் யாருமில்லை என்று அவளே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ரோய்ஸ்டன் பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பு.

"பாத்தீங்களா?"

வளையம் வந்தது.

பிறகு, அதைச் சுற்றி ஒரு விலா எலும்பு. இன்னொன்று. இன்னொன்று. வெள்ளையாக. மெதுவாக. யாரோ இருட்டிலிருந்து பலகைமேல் சாய்வதைப்போல.

இடது காறை எலும்பு. கோணல்.

ரோய்ஸ்டன் நீக்கும் பொத்தானைத் தட்டினார். திரும்பவும் தட்டினார். வளையம் போகவில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஓர் இருமல்.

எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. பமேலாவும் கேட்கவில்லை. அவள் கண் திரையில் இருந்தது. அசையக்கூடாத படத்தில் விலா எலும்புகள் விரிந்தன. சுருங்கின. விரிந்தன. நடுவில் அந்தச் சிவப்பு வளையமும் ஏறி இறங்கியது.

அன்று தட்டிய தன் இரண்டு கைகளையும் பமேலா முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"காட்டியிருக்குண்ணே," என்றாள். "அன்னிக்கே காட்டியிருக்கு."