பன்னிரண்டாவது கவர்

1974 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 8.40.

மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்த கங்காதரனின் விரல்கள் பாதியில் நின்றன.

உள்ளே நாவல் இல்லை. பழைய செய்தித்தாள்கள்! நாவலின் அளவுக்கே மடித்து, அதே உயரத்துக்கு அடுக்கி, யாரோ சாவகாசமாகச் செய்திருந்த வேலை.

"கோமளவல்லி அம்மா, இதுவா உங்க கதை?"

கோமளவல்லி செய்தித்தாள் அடுக்கை அடிவரை புரட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு தாள். இரண்டு வருஷம். அம்மையார்குப்பத்து வீட்டில் புருஷன் வீரபத்திரன் தறியில் இருக்க, பக்கத்தில் ராட்டை சுற்றிக்கொண்டே மனசுக்குள் ஒவ்வொரு வரியாகக் கோத்து, உலை கொதிக்கும் நேரத்தில் எழுதிய 'தறிக்குழி ரகசியம்'. நகல் கிடையாது.

நகல் இல்லாமல் கதையை யார் கையிலும் கொடுக்காதே என்பது பயிலரங்கத்தின் மூன்றாவது பாடம். அதை அவள் கேட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

திருத்தணியில், சரவணப் பொய்கைக்கு எதிர்ச் சத்திரத்தில், மூன்று நாள் எழுத்தாளர் பயிலரங்கம். நடத்தியவர் உள்ளூர் அச்சகக்காரர் பஞ்சாட்சரம். பாடம் சொல்ல மெட்ராஸிலிருந்து வந்தவர் 'நித்திலம்' வார இதழின் துணையாசிரியர் கங்காதரன். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட வேண்டும், எந்த இடத்தில் 'தொடரும்' போட்டால் வாசகர் அடுத்த வாரம் காசு கொடுப்பார் என்றெல்லாம் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு பேரில் ஒருவருடைய தொடர்கதையைக் கையோடு எடுத்துப் போவதாகவும் சொல்லியிருந்தார். அது கோமளவல்லியின் கதைதான் என்று முதல் நாளே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நாளைக் காலை ஆசிரியர் குழு கூடுகிறது. அதற்கு முன் தாள் மேஜையில் இருந்தால் அச்சு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அவர் ரயில் பதினொன்று இருபதுக்கு.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் பஞ்சாட்சரம்.

"வேணாங்க ஐயா. அவங்க வந்து எழுதி முடிக்கறதுக்குள்ள ரயிலு அரக்கோணம் தாண்டிடும்" என்றாள் கோமளவல்லி. "எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. நானே பாக்கறேன்."

பின்வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது. திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி வேடியப்பன். "அப்டிப் போடு தங்கச்சி! கதையில இன்ஸ்பெக்டரை ஓட ஓட விரட்டற நீ, இங்க ஒரு திருடனைப் புடிக்க மாட்டியா?"

பல பேர் வேடியப்பனை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாளாக அவளை அதிகம் கிண்டல் செய்தவர் அவர்தான்.

மணி 9.00.

"முதல்ல எல்லார் பையையும் பாத்துடுவோம். என்னுதுல ஆரம்பிங்க" என்று தன் தோல்பையைக் கவிழ்த்துக் கொட்டினார் சடகோபன்.

கனகம்மாசத்திரத்துக்காரர். பேருந்து நிறுத்தத்தில் சைக்கிள் கடை. ஏற்கெனவே ஐந்து கதை அச்சில் வந்தவர். அந்தப் பயிலரங்கத்தில் 'அச்சில் வந்தவர்' அவர் ஒருவர்தான். அதனால் முதல் நாளிலிருந்தே அவருக்கு முன்வரிசை நாற்காலி. கோமளவல்லியின் கதையை மனம் விட்டுப் பாராட்டியவரும் அவரே. "ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. மர்மக்கதைக்குப் பொம்பளை பேர் எடுபடாது. நல்ல கம்பீரமா ஒரு புனைபெயர் வச்சிக்கோ" என்று யோசனையும் சொல்லியிருந்தார். அதனால்தான் முதல் தாளில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலி.

பன்னிரண்டு பேருடைய பைகள், ஜமுக்காளம், சமையலறைப் பரண், எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு தாள் இல்லை.

கோமளவல்லி கங்காதரனிடம் திரும்பினாள்.

"சார், நேத்து சாயங்காலம் என் கட்டு எங்க இருந்துச்சு?"

"என் ரூம் மேஜைமேல. ரயில்ல படிக்கலாம்னு வச்சிருந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து உங்க எல்லாருடைய சிறுகதைக்கும் குறிப்பு எழுதி, நீங்க கொடுத்த கவர்லயே போட்டு ஒட்டினேன். பன்னிரண்டு கவர். கடைசிக் கவரோட கோந்து பாட்டில் தீர்ந்தது. எல்லாத்தையும் இந்தச் சணல் பையில போட்டேன். ஸ்டேஷன்ல தபால்ல சேர்க்கணும்."

வெள்ளிக்கிழமை சேரும்போதே ஒவ்வொருவரும் ஒரு சிறுகதையும், தன் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய பழுப்புக் கவரும் கொடுத்திருந்தார்கள்.

"காலையில ரூமைப் பூட்டினீங்களா?"

"பூட்டினேன். ஆறு மணிக்குச் சாமி பார்க்க மலை ஏறும்போது சாவியைக் கூடத்து ஆணியில மாட்டிட்டுப் போனேன்."

ஆணியில் மாட்டிய சாவி எல்லோருக்கும் சாவி.

மணி 9.20.

"பஞ்சாட்சரம் ஐயா, மலைக்கு வராம கீழ இருந்தது யாரு?"

"நானும் வேடியப்பனும். நான் உப்புமா கிளறிகினு இருந்தேன். அவன் குறட்டை விட்டுகினு இருந்தான்."

"முதுகு வலி சாமி!" என்றார் வேடியப்பன். "உப்புமாவாவது பரவால்ல. அந்தக் காபி! சர்க்கரை இல்லாம ஒரு காபி போட்டாரு பாரு, கஷாயம் தோத்துச்சு."

"சர்க்கரை நேத்தே தீந்துபோச்சு. வெல்லம்கூட ஒரு துண்டு இல்ல. கடை தொறந்தாத்தானே வாங்க?"

"மலையிலிருந்து மொதல்ல எறங்கி வந்தது யாரு?"

"நான்தான் தங்கச்சி" என்றார் சடகோபன். "முழங்கால் வலி. ஏழே கால் இருக்கும். நேரா வந்து படுத்துட்டேன்."

கோமளவல்லிக்கு நினைவிருந்தது. சந்நிதியில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வாங்கியதும் அவர் இறங்கிவிட்டார். அவளும் மற்றவர்களும் கூட்டமாக இறங்கிச் சத்திரத்துக்குள் நுழைந்தபோது எட்டு இருபது.

"அந்தப் பொங்கல்ல ஒரு வாய் கேட்டேன் தங்கச்சி" என்று வேடியப்பன் முறையிட்டார். "வழியில கொரங்கு புடுங்கிகிச்சின்னுட்டாரு."

"புடுங்கிகிச்சிப்பா. நான் இன்னா செய்யறது?"

"ஆங், நேத்து மட்டும் இன்னா! தபாலாபீசுக்கு ஒண்ணாத்தான் போனோம். நான் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கினேன். இவரு பெரிய பெரிய ஸ்டாம்பா நாலு வாங்கிகினாரு. எனக்கு ஒரு டீ சொல்லலை."

சபை சிரித்தது. கோமளவல்லி சிரிக்கவில்லை. தறியில் பாவு நூல் ஓடும்போது எந்த இழை தொங்குகிறது என்று தேடுகிற பார்வை அவள் கண்ணுக்கு வந்திருந்தது.

மணி 10.05.

கங்காதரன் கடிகாரத்தைப் பார்த்தார். வருத்தத்தோடு எழுந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் கிளம்பணும். வெறுங்கையோட போக முடியாது. இரண்டாவதா சடகோபன் தொடர்கதையை எடுத்து வச்சிருந்தேன். இப்போதைக்கு அதையே..."

"அட, எனக்கு இந்த நேரத்துல அதெல்லாம் சந்தோஷமா சார்?" என்று தலை குனிந்துகொண்டார் சடகோபன். பிறகு சணல் பையின் பக்கம் நகர்ந்தார். "பையைக் குடுங்க சார். ஸ்டேஷன் வரைக்கும் நான் தூக்கியாறேன்."

"ஒரு நிமிஷம்" என்ற கங்காதரன் பையின் மேல் தட்டினார். "எறும்பு. காலையிலிருந்து தட்டிக்கிட்டே இருக்கேன். திருத்தணி எறும்புக்கும் இலக்கிய ஆர்வம் போல."

கோமளவல்லி சட்டென்று குனிந்தாள்.

சுவர் ஓரமாக ஒரு கருங்கோடு. அறைக்குள் வேறு எங்கும் அலையாமல் நேராகச் சணல் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பையைக் கீழ வைங்க அண்ணா."

சடகோபனின் கை பையின் காதிலேயே இருந்தது.

"கீழ வைங்கன்னேன்."

வைத்தார். அவள் ஒரு கையால் பையைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். மீண்டும் திறந்தபோது அவள் முகத்தில் காலையில் இருந்த பெண் இல்லை.

"சார், பன்னெண்டு சிறுகதை. ஆளுக்கு அஞ்சாறு தாள். மொத்தம் எழுபது தாள் இருக்குமா?"

"இருக்கும்."

"எங்க நெசவாளர் சங்கத்துல நூலை எடை போட்டுக் குடுப்பாங்க. சேலையை எடை போட்டு வாங்குவாங்க. ஐம்பது கிராம் கொறைஞ்சாலும் கேள்வி வரும். பதினஞ்சு வருஷமா இந்தக் கைதான் எனக்குத் தராசு. இதுல இருக்கறது எழுபது தாள் இல்ல சார். அதுக்கு ரெண்டு பங்குக்கும் மேல."

பையைக் கீழே வைத்து எறும்பு வரிசையைக் காட்டினாள்.

"கவரை ஒட்டினது கோந்து. எறும்பு கோந்தைத் தேடி இப்டி வரிசை கட்டாது. நாங்க பாவு நூலுக்குச் சோத்துக் கஞ்சி போடறவங்க. பூச்சி வரக் கூடாதுன்னு அதுல மயில்துத்தம் கலக்கறோம். கஞ்சிக்கே எறும்பு வரும்னா, இனிப்பு சேந்த சோத்துக்குச் சொல்லணுமா? யாரோ ஒரு கவரைப் பிரிச்சிருக்காங்க. திரும்ப ஒட்டக் கோந்து இல்ல. கையில இருந்த சோத்துப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருக்காங்க. இனிப்புச் சோறு."

அவள் பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். "கீழ இருந்த ரெண்டு பேருக்கும் காலையில கெடைச்சது உப்புமா. சத்திரத்துல சர்க்கரையும் இல்ல, வெல்லமும் இல்ல. மேல போன நாங்க ஒண்ணா எறங்கினோம், ஒண்ணா உள்ள வந்தோம். சர்க்கரைப் பொங்கலைக் கையில வாங்கிகினு தனியா எறங்கினவரு ஒருத்தர்தான். அந்தப் பொங்கலைத்தான் கொரங்கு புடுங்கிகிச்சாம்."

அத்தனை தலைகளும் திரும்பின.

அவள் பைக்குள் கையை விட்டாள். பதினொரு கவர் மெலிசாக வந்தன. அடியிலிருந்து வந்த பன்னிரண்டாவது கவர் வயிறு புடைத்திருந்தது. ஒட்டிய ஓரத்தில் எறும்பு மொய்த்திருந்தது. விலாசம்: கே. சடகோபன், கனகம்மாசத்திரம்.

கிழித்தாள். மேலே ஆறு தாள் சிறுகதை. அதன் கீழே, அவளுடைய கையெழுத்தில், 'தறிக்குழி ரகசியம்'.

"இது... இது யாரோ என் கவர்ல வச்சி என்னை மாட்டி விடறாங்க!" சடகோபனின் குரல் கீச்சிட்டது. "வேடியப்பன் கீழதானே இருந்தான்!"

"இருக்கலாம்" என்றாள் கோமளவல்லி அமைதியாக. "ஆனா உங்களை மாட்டி விடறவனுக்கு, கவர் உங்க வீட்டுக்கு ஒழுங்கா போய்ச் சேரணும்னு இன்னா அக்கறை?"

கவரை உயர்த்திக் காட்டினாள். மற்ற பதினொன்றிலும் ஒரே ஒரு ஸ்டாம்பு. இதில் அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் புத்தம் புதிதாக நாலு பெரிய ஸ்டாம்பு.

"என் ஸ்டாம்பு!" என்று கத்தினார் வேடியப்பன். "அதாவது, இவரு வாங்கின ஸ்டாம்பு!"

சடகோபன் முன்வரிசை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மணி 10.25.

"ஏன்யா?" என்றார் பஞ்சாட்சரம்.

"பத்து வருஷம் ஆச்சுங்க" என்றார் சடகோபன் தரையைப் பார்த்து. "என் அஞ்சாவது கதை வந்து பத்து வருஷம். அதுக்கப்புறம் எழுதினது எல்லாம் திரும்பி வந்துடுச்சி. இந்தத் தடவையாவது... இந்தம்மா கதை மட்டும் இல்லன்னா என்னுதுதானே அடுத்தது?"

கங்காதரனுக்குக் கோபத்தைவிட வேறொரு குடைச்சல் பெரிதாக இருந்தது. "சரி. கட்டு காணாமப் போனாப் போதும் உங்களுக்கு. எதிரே பொய்கை இருக்கு. தூக்கிப் போட்டிருந்தா நாங்க இந்த ஜென்மத்துல கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். எதுக்கு ஸ்டாம்பு ஒட்டி உங்க வீட்டுக்கே அனுப்பணும்?"

சடகோபன் தோல்பையின் வாரைத் திருகினார்.

"வெள்ளிக்கிழமை அப்டித்தான் நெனைச்சேன். பொய்கையில போட்டுடறதுன்னு. ஆனா சனிக்கிழமை காலையில இந்தம்மா மூணாவது அத்தியாயத்தைப் படிச்சாங்களே..." நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "தறிக்குழிக்குள்ள செத்துக் கெடந்தவனோட கை அசைஞ்சுதுன்னு சொல்லி, தாளை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கலை. முடிவு தெரியாம எப்டிங்க தண்ணியில போடறது? இங்க உக்காந்து படிக்க நேரமும் இல்ல. அதான் போய் ஸ்டாம்பு வாங்கினேன். வீட்டுக்கு அனுப்பிப் படிச்சிட்டு அப்புறம் கொளுத்திடலாம்னு..."

யாரும் சிரிக்கவில்லை. பதினொரு பேரும் எழுதுகிறவர்கள். அவர் சொன்னது எப்படிப்பட்ட பாராட்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

கங்காதரன் கோமளவல்லியின் பக்கம் திரும்பினார். "அம்மா, பத்திரிகையில பதினேழு வருஷம் இருக்கேன். கதை நல்லா இருக்குன்னு கடிதம் வரும். மாலை போடுவாங்க. திருடன் அழிக்க மனசு வராம ஸ்டாம்பு ஒட்டின கதையை இப்பத்தான் பாக்கறேன். நாளைக்குக் குழுவுல நான் வேற எதுவும் பேச வேண்டியதில்ல. இதைச் சொன்னாப் போதும்."

"போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லட்டுமா?" என்றார் பஞ்சாட்சரம்.

"வேணாங்க ஐயா. என் பொருள் வந்துடுச்சி." தொண்ணூற்றாறு தாளையும் எண்ணி, தட்டிச் சமன் செய்து, மஞ்சள் துணியில் வைத்தாள்.

கங்காதரன் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். "ஆசிரியர் பேர் காலியா இருக்கே. என்ன புனைபெயர் போடப் போறீங்க?"

சபை முழுக்க அவள் கையைப் பார்த்தது. தராசு பிடித்த அந்தக் கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கொட்டை எழுத்தில் எழுதியது:

அம்மையார்குப்பம் கோமளவல்லி.

"எங்க பாவா, என் வீட்டுக்காரரு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு" என்றாள். "பொஸ்தகத்துல வேற பேரு இருந்தா, இது யாருதுன்னு தேடிகினு இருப்பாரு."

வேடியப்பன் விசிலடித்தார். கைத்தட்டல் பொய்கைக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

மணி 10.40. கங்காதரன் மஞ்சள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குதிரை வண்டியில் ஏறினார். சணல் பையை வேடியப்பன் தூக்கிக்கொண்டார்.

வாசல் தூணோரம் தோல்பையோடு நின்றிருந்த சடகோபன், அவள் தன்னைக் கடந்து போகும்போது மெல்லக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. இருந்தாலும்... அந்தக் கொலையைச் செஞ்சது யாரு?"

கோமளவல்லி நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று நாளில் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

"காசு குடுத்து 'நித்திலம்' வாங்கிப் படிங்க அண்ணா."