பாலத்தில் விழுந்தவள்

"பிழை திருத்த வந்தவங்க பிழையை மட்டும் திருத்தணும்! என் கதாநாயகி சாகலைன்னு ஓரத்துல யாருங்க எழுதினது?"

மழையில் தொப்பலாக நனைந்து, பதிப்பக அறை வாசலில் நின்றான் நாவலாசிரியன். தாள்கள் மட்டும் பாலிதீன் பைக்குள் பத்திரமாக இருந்தன.

மேசையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோபத்திலும் இவனுக்கு இப்படிச் சிரிக்கிற கண்களா... சே, என்ன நினைப்பு இது!

"நான்தான். அவங்க சாகல."

"புரட்சிப் போர்ல கடிதம் கொண்டு ஓடின பொண்ணு பாலத்துல குண்டடிபட்டு விழுந்தா. பள்ளிக்கூடப் பிள்ளைங்ககூட அந்தக் கவிதையை ஒப்பிக்குமே!"

"கவிஞர் அக்கரையில நின்னு புகைக்கு நடுவுல பார்த்தாரு. அவங்க எழுந்து போனதைப் பார்க்கல."

"நீங்க பார்த்தீங்களாக்கும்?"

"தினமும் பார்க்கிறேன். எனக்குக் காபி போட்டுத் தர்றாங்க... என் அம்மா."

ஒரு கணம் திகைத்தான். ஆனால் வீம்பு விடுமா? "நாடே அழுத கவிதையை என்னால பொய்யாக்க முடியாதுங்க" என்று விறுவிறுவென்று போய்விட்டான். அவளுக்கு அழுகை முட்டியது. உயிரோடிருக்கும் அம்மா இன்னும் எத்தனை காலம் பாடப்புத்தகத்தில் செத்துக்கிடப்பது?

மறுநாள் மாலை அவள் வீட்டு வாசலில் அவனே நின்றான்... "அம்மாவைப் பார்க்கலாமா?"

தையல் மிஷினை நிறுத்திவிட்டு அம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"ரெண்டு பேரா ஓடினோம் தம்பி. கடிதம் என்கிட்ட இருந்துச்சு. விழுந்தது என் கூட்டாளி. அவளுக்கு ஒரு கல்லறைகூட இல்ல, அந்தக் கவிதை ஒண்ணுதான் இருக்கு. நான்தான் அந்தப் பொண்ணுன்னு வந்து நின்னா, அதையும் பிடுங்கினதா ஆயிடாதா? அதான் வெளியில வாயே திறக்கல."

"நீ விழவே இல்லையாம்மா?" என்றாள் மகள். கடிதம் கொண்டுபோனது தான்தான் என்று மட்டும் அம்மா எப்போதோ சொல்லியிருந்ததால், கவிதையும் அம்மாவுடையது என்றே நினைத்திருந்தாள். அவசரப்பட்டு எழுதியது உறுத்தியது.

பத்து நாள் தினமும் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கதை கேட்டவன், புது அத்தியாயத்தோடு வந்தான். அதில் பாலத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி விழுகிறாள். இன்னொருத்தி அழுதுகொண்டே ஓடிக் கரை சேர்கிறாள். படிக்கப் படிக்க மகளின் கண்ணில் எழுத்துகள் கலங்கின. கவிதை விழுந்தவளைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஓடியவளுக்கு இனி இந்த நாவல் இருக்கும்.

"சரியா இருக்குங்க" என்றாள்.

"நாளைக்கும் வீட்டுக்கு வரலாமா?"

"நாவல்தான் முடிஞ்சுபோச்சே?"

"ஆமா... இனிமே கதை கேக்க வர்றேன்னு சாக்குச் சொல்ல முடியாது." அவன் குரல் தடுமாறியது. "உங்களைப் பார்க்கத்தான் வர்றேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் கன்னம் சூடானது. குனிந்தாள்... பிறகு நேராக அவன் கண்களைப் பார்த்தாள்.

"எங்கம்மா நாற்பது வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டாங்க. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."