மூன்றாம் அடியில் ஒரு மூச்சு

ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான பழைய லயத்துக்குத் தங்கராஜு வந்தது ஆர்மோனியப் பெட்டியை எடுத்துப் போகத்தான். மண்சரிவுக்குப் பிறகு அங்கே யாரும் குடியில்லை. கோடி வீட்டில் பஜனைச் சாமான்கள் மட்டும் பூட்டிக் கிடந்தன. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் சீதாவுக்கும் கல்யாணம். பெட்டி இல்லாமல் என்ன நலங்கு என்று பெண்கள் நச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

பகல் மூன்று மணிதான். அதற்குள் பனி இறங்கிவிட்டது. லோரியை விட்டு இறங்கியவனுக்குத் தன் கையே மங்கலாகத் தெரிந்தது. ஈர மண் வாடை. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம்.

பூட்டு திறந்து கிடந்தது.

உள்ளே, பெட்டிக்கு எதிரே, ரஞ்சிதம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மாப்பிள்ள, பயந்துட்டியா?"

"நீ எப்ப வந்த? ஈப்போவுல இல்ல இருந்த?"

"நேத்தே கெளம்பிட்டேன். தாப்பா ரோட்டுல தாமசமாயிருச்சு."

பஜனையில் அவள் பாட, இவன் வாசிக்க, இரண்டு பேருக்கும் முடிச்சு விழுந்தாயிற்று என்று தோட்டமே பேசிய காலம் ஒன்று இருந்தது. மேடையில் பாடிப் பேர் வாங்கப் போகிறேன் என்று, நாலு வருஷம் முன்னால் அவள்தான் உதறிவிட்டுப் போனாள். இப்போது தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. சேலையெல்லாம் மண். மழையில் வழுக்கி விழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம ஈப்போவுல பாட்டுப் போட்டி. ஜெயிச்சா கோலாலம்பூர் மேடைலா. எனக்கு வாசிக்க நீ வா ராஜு."

"அன்னிக்கு எனக்குக் கல்யாணம்."

"தெரியும்லா. அதான் இன்னிக்கே கேக்க வந்தேன்." சிரித்தாள். "சீதா பாடுவாளா?"

"அவ வாயத் தொறந்தா கூரைச் சேவல் எறங்கி ஓடும்."

சொன்ன பிறகுதான் உறுத்தியது.

"அப்ப இந்தப் பெட்டி தூசி புடிக்கப் போவுது. நீயும் சாவுற வரைக்கும் லோரியில கொழுந்து ஏத்திக்கிட்டுக் கெட."

அவனுடைய பயமும் அதுதான். அவளுக்கு அது எப்போதும் தெரியும்.

முந்தானையைப் பிரித்து இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் நீட்டினாள். மேளக்காரரையும் பாட்டுக்காரரையும் தோட்டத்தில் அழைப்பது அப்படித்தான். வாங்கிய கை வாசித்தே ஆகவேண்டும். சீதாவை அவனுக்கென்று நிச்சயம் செய்தபோது இரண்டு வீட்டாரும் மாற்றிக்கொண்டதும் வெற்றிலை பாக்குதான்.

தெரிந்தும் கையை நீட்டினான்.

வெற்றிலை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

"ஒரு தடவ பாடிப் பாப்பமா?"

பெட்டியின் துருத்தியை அசைத்தான். அவள் பாடினாள். அதே குரல். நாலு வருஷம் உள்ளே அழுத்தி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. இவளோடு போய்விடுவேன் என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். மூன்றாம் அடி முடிவில் ரஞ்சிதம் மூச்சு வாங்குவாள். அங்கே துருத்தியைத் தளர்த்த வேண்டும். கைக்கே மனப்பாடம்.

மூன்றாம் அடி வந்தது. தளர்த்தினான்.

அவள் நிறுத்தவில்லை.

நான்கு. ஐந்து. ஆறு.

கண்ணைத் திறந்தான். குளிரில் அவன் மூச்சு புகை புகையாகப் போய்க்கொண்டிருந்தது. பாடுகிறவள் வாயிலிருந்து புகையே வரவில்லை.

"ரஞ்சிதம்... மூச்சு வாங்கு."

"இனிமே எதுக்கு ராஜு?"

பதிலும் வந்தது. பாட்டும் நிற்கவில்லை.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

கீழ் லயத்தில் ரஞ்சிதத்தின் வீட்டு வாசலில் கூட்டம். அவன் அம்மா செல்லம்மா மூக்கைச் சிந்தியபடி எதிரே வந்தாள்.

"சேதி தெரியுமாடா? ரஞ்சிதம் வந்த வேன் நேத்து தாப்பா ரோட்டுப் பள்ளத்துல வுழுந்துருச்சாம். இப்பதான் அவ ஒடம்பத் தூக்கியிருக்காங்க... ஏன்டா, சட்டப் பையில என்ன வெத்தல?"

வெற்றிலை பாக்கை எடுத்து, லயத்தோரம் ஓடிய ஆற்றில் வீசி எறிந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டியாயிற்று. நலங்குக்கு உட்காரும்போதுதான் பார்த்தான். பந்தலில் பெட்டி இருந்தது.

"யாரு எடுத்தாந்தது?"

"நீங்கதான லோரியில போனீங்க மாப்பிள்ள?" என்றாள் சீதாவின் அத்தை பாஞ்சாலை. "வாசிங்கலா, பொண்ணு பாடட்டும்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சீதாவின் பாட்டைப் பற்றித் தோட்டத்துக்கே தெரியும்.

பெட்டியின் மேல் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் வாசிக்கல."

சீதா அவன் காதோரம் குனிந்தாள்.

"வெத்தல வாங்கிட்டு இப்ப மாட்டேன்னா எப்படிங்க?"

அவன் கை தானாகத் துருத்திக்குப் போயிற்று.

சீதா பாடினாள். சிரிப்பு அடங்கியது. "அடியாத்தி, இவளுக்கு ஏது இந்தக் குரலு!" என்று பாஞ்சாலை வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு.

மூன்றாம் அடி முடிவில் துருத்தியைத் தளர்த்தி, தங்கராஜு காத்திருந்தான்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது.