இரும்பில் எழுதாத பெயர்

கருவி வழக்கத்தைவிடத் தாழ்வாக மிதந்தது.

யோரூன் கப்பலின் விளிம்பில் நின்று பார்த்தாள். அதன் மஞ்சள் முதுகில் பாதிதான் தெரிந்தது. மதிய உணவு முடிந்த நேரம், ஆனால் டிசம்பரில் வட நார்வேக் கடலில் சூரியன் எழுவதில்லை. தளத்து விளக்கு விழுந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தது, மற்றதெல்லாம் டீசலும் உப்பும் மணக்கும் இருட்டு.

தானாகவே கடலடிக்குப் போய்ப் படமெடுத்து வரும் கருவி. இரும்புக் கட்டி ஒன்றைச் சுமந்து மூழ்கும். வேலை முடிந்ததும் அதை அடியிலேயே விட்டுவிட்டு மேலே வரும். விட்டுவிட்டதாகத்தான் திரை சொன்னது.

"கருவி காட் மீன் எதையாவது முழுங்கிட்டு வருதோ என்னவோ" என்றார் ஆய்வுத் தலைவர் ஹல்வார். "உன்ன மாதிரி இல்ல யோரூன், அதுக்காவது நல்லாப் பசிக்குது."

அவள் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் ஒருவர் பெயரைச் சாக்கட்டியால் இரும்பில் எழுதி அனுப்புவார்கள். பெயர் கிடைத்துவிட்டால் கடல் ஆளைக் கேட்காது என்பது கப்பல்காரர்களின் வழக்கம். போன குளிர்காலத்தில் அவள் தம்பி அஸ்லேயின் முறை. நேரமில்லை என்று ஹல்வார் வெறும் இரும்பை இறக்கச் சொன்னார். அன்றே அஸ்லே தவறி விழுந்தான்.

"கருவிய முதல்ல தூக்குங்க. அவன் மிதவைச் சட்டை போட்டிருக்கான்" என்றார் ஹல்வார்.

கருவி வந்தது. பிறகு வெறும் சட்டை வந்தது.

இன்று ஹல்வாரின் முறை. காலையில் அவள் இரும்பில் அஸ்லே என்று எழுதினாள்.

"என் பேரத்தானே எழுதின?" கொக்கிக் கழியோடு குனிந்தபடி கேட்டார் ஹல்வார்.

"எழுதினேன்."

கழி கருவியைத் தொட்டது. அதன் அடியில் ஏதோ அசைந்தது. இரும்பு இல்லை. இரும்பு மாட்டும் இடத்தைப் பிடித்தபடி ஒரு கம்பளிக் கையுறை. சிவப்பு. அஸ்லேக்காக அவள் பின்னியது.

காலியாக இல்லை.

இன்னொரு சிவப்புக் கையுறை வந்து கழியைப் பற்றியது. மெதுவாக இழுத்தது. ஹல்வார் கத்தவில்லை. தண்ணீர்தான் சத்தம் போட்டது.

கிரேனில் இருந்த ஓட்வாருக்கு ஹல்வார் விழுந்தது மட்டுமே தெரிந்தது. "யோரூன், எத முதல்ல தூக்க?"

பச்சை வெளிச்சத்தில் ஹல்வாரின் முகம் எழும்பியது. அவளைப் பார்த்தது.

"கருவிய முதல்ல" என்றாள்.

சிவப்பு விரல்கள் கருவியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஹல்வாரின் முகம் வெளிச்சத்திலிருந்து கீழே போனது. கருவி மெல்ல எழும்பி, வழக்கமான உயரத்தில் மிதந்தது.